777 போட்டா பிரச்சினை தீர்ந்துடுமா?

"ஷேர் மவுண்ட் ஆகலையா? 777 போடு. அப்பவும் ஆகலையா? ஃபயர்வாலை ஆஃப் பண்ணு. அப்பவும் ஆகலையா? ரீஸ்டார்ட் பண்ணு."

நம்ம ஆளுங்க சர்வர் ரூமில் வைத்திருக்கிற சுக்கு, மிளகு, திப்பிலி இதுதான். எந்த வியாதி வந்தாலும் இதே கஷாயம். குடித்தவுடன் காய்ச்சல் இறங்கினால் டிக்கெட்டை மூடிவிட்டுப் படுக்கப் போய்விடலாம். மறுபடியும் காய்ச்சல் வந்தால் அடுத்த ஷிஃப்ட்காரன் தலைவலி.

புனே, நொய்டா, ஹைதராபாத் என்று வந்து பொட்டி தட்டும் மக்களுக்கு இது புதுசில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ எழுந்து லேப்டாப்பைத் திறந்து, அரைகுறை ஹிந்தியில் யாரிடமோ மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கப்போன மற்றவர்களும் படிக்கலாம். அந்த ராத்திரிக் கூத்தில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது என்பதுதான் என் கட்சி.

முதலில் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. இப்போதெல்லாம் ஒரு பெரிய மெஷினுக்குள் இருபது, முப்பது சர்வர்கள் குடியிருக்கும். லாட்ஜ் மாதிரி. லாட்ஜின் பெயர் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ. 2023 நவம்பரில் பிராட்காம் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு லைசென்ஸ் செலவுக்குப் பயந்து பலர் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் போனார்கள். லாட்ஜ் மாறினாலும் சங்கதி ஒன்றுதான். குடியிருப்பவர்களின் பெட்டி படுக்கை எல்லாம் வேறொரு குடோனில், அதாவது நெட்வொர்க் ஸ்டோரேஜில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் என்எஃப்எஸ் ஷேர். ஒவ்வொரு சர்வரும் அந்த ஷேரில் வெறும் நாலைந்து ஃபைல்கள்தான். இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைலை ஒருத்தன் காப்பி அடித்தால் முழு சர்வரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அர்த்தம்.

சுக்கு: 777

இஎஸ்எக்ஸ்ஐ ஷேரைத் தொடுவது ரூட் யூசராக. ஆனால் லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வர், வெளியிலிருந்து வரும் ரூட்டை நம்பாது. 'நீ ரூட் இல்லை, நோபடி' என்று பெயரை மாற்றிவிடும். இதுதான் ரூட் ஸ்குவாஷ். விளைவு? மவுண்ட் ஆகும், டேட்டாஸ்டோர் பச்சையாகத் தெரியும், விஎம் உருவாக்கப் போனால் பர்மிஷன் டினைட்.

உடனே நம்ம வைத்தியர் ஃபோல்டர் முழுக்க 777 போடுவார். வேலை செய்யும். ஏன் செய்யாது? வீட்டு சாவி தொலைந்தால் கதவையே பேர்த்து எடுத்துவிட்டாலும் உள்ளே போகலாம்தான். இனி அந்த ஷேரை மவுண்ட் செய்ய முடிகிற எந்த மெஷினில் இருக்கும் எந்த யூசரும் உங்கள் பேரோல் சர்வரைப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். இதோடு எக்ஸ்போர்ட் வரியில் ஐபிக்குப் பதில் நட்சத்திரக் குறியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரியான வைத்தியம் ஒரே ஒரு வரி. எக்ஸ்போர்ட் ஃபைலில் அந்த இஎஸ்எக்ஸ்ஐ மெஷின்களின் விஎம்கெர்னல் ஐபிக்களை மட்டும் எழுதி, அவற்றுக்கு மட்டும் நோ ரூட் ஸ்குவாஷ் கொடுக்க வேண்டும். வழக்கமான என்எஃப்எஸ் வெர்ஷன் 3 வருகிறவனின் ஐபியைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறது, பாஸ்வேர்ட் கேட்பதில்லை. அதனால் ஸ்டோரேஜுக்குத் தனி விலான் வேண்டும். ஆபீஸ் லேப்டாப்புகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. இதைச் செய்யப் பத்து நிமிஷம் ஆகும். 777 போட ஒரு நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷ லாபத்துக்குத்தான் இத்தனை கூத்தும்.

மிளகு: ஃபயர்வாலை ஆஃப் பண்ணு

வெர்ஷன் 3-க்கு 111, 2049, அப்புறம் மவுண்ட் சர்வீஸுக்கு ஒரு போர்ட் வேண்டும். இந்த மூன்றாவது ஆள்தான் வில்லன். போர்ட்டை நாம் நிலையாக எழுதி வைக்காவிட்டால், பல லினக்ஸ்களில் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் வேறு வேறு எண்ணில் போய் உட்காருவார். நேற்று வரை ஓடியது இன்றைக்கு ஓடாது. கான்ஃபிக் ஃபைலில் எண்ணை நிலையாக்கி, மூன்று போர்ட்டைத் திறந்தால் முடிந்தது கதை. அதற்குப் பதில் ஃபயர்வாலையே நிறுத்திவிட்டு 'டெம்பரரி' என்று டிக்கெட்டில் எழுதுவார்கள். டெம்பரரியாக நிறுத்திய ஃபயர்வால் திரும்ப எழுந்ததை என் சர்வீஸில் நான் பார்த்ததே இல்லை :-)

திப்பிலி: ரீஸ்டார்ட்

ஒரு கிளையன்ட். பெயர் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு சனிக்கிழமை ராத்திரி டேட்டாஸ்டோர் காணாமல் போகும். விஎம்கள் உறையும், உள்ளே இருக்கும் லினக்ஸ்கள் டிஸ்க்கை ரீட் ஒன்லி ஆக்கிக்கொள்ளும். ஆறு டிக்கெட். ஆறிலும் ஒரே தீர்வு: 'ஹோஸ்ட் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது. பிரச்சினை தீர்ந்தது.'

ஏழாவது டிக்கெட் எங்கள் டீமுக்கு வந்தது. தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தோம். எல்லாமே நெட்வொர்க் டீமின் மெயின்டனன்ஸ் நாட்கள். முதல் ஸ்விட்ச் ரீபூட் ஆகும்போது டிராஃபிக் இரண்டாவது ஸ்விட்சுக்கு மாறுகிறது. ஹோஸ்டிலும் ஸ்டோரேஜிலும் எம்டியு 9000. இரண்டாவது ஸ்விட்சில் மட்டும் 1500. சாதாரண பிங் போகும், மவுண்ட்கூட ஆகும், ஏனென்றால் அதெல்லாம் சின்ன பாக்கெட். பெரிய பாக்கெட் வந்தால் ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். நம்ம ஆள் எழுந்து, விபிஎன் போட்டு, ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்து முடிப்பதற்குள் முதல் ஸ்விட்ச் திரும்ப வந்திருக்கும். குணமானதற்கு பேர் வாங்கியது ரீஸ்டார்ட்!

துண்டாக்காதே என்ற குறியோடு 8972 பைட் அளவில் ஒரு விஎம்கேபிங், இரண்டாவது ஸ்விட்ச் வழியாக. 9000-இல் ஹெடருக்கு 28 போக மிச்சம் 8972. இரண்டே நிமிஷ வேலை. முதல் டிக்கெட்டிலேயே செய்திருந்தால் ஆறு பேரின் ஆறு சனிக்கிழமைகள் மிஞ்சியிருக்கும்.

இனி எதிர்வாதங்கள்

"உள் நெட்வொர்க்தானே, யார் வரப்போறா?"

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் வந்தது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டதாக அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததால் உள்ளே புகுந்தார்கள் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. பல நாட்கள் ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தோ ரயிலேறி வந்து வரிசையில் நின்ற நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். அங்கே 777 தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 'உள்ளே யார் வரப்போறா' என்ற நினைப்பின் விலை என்ன என்று மட்டும் சொல்கிறேன். பழைய ஸ்டோரேஜ் பெட்டி விண்டோஸில் தெரியவில்லை என்று எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடும் புண்ணியவான்கள் 2017 மே மாத வான்னாக்ரையையும் ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். அது நெட்வொர்க்குக்குள் மெஷின் மெஷினாகப் பரவியது அந்த வழியில்தான்.

"கிளையன்ட் நாலு மணி நேரம்தான் கொடுத்திருக்கான். காரணம் தேட எங்கே நேரம்?"

நியாயம். நோயாளி துடிக்கும்போது முதலில் வலி குறைய ஊசி போடத்தான் வேண்டும். ரீஸ்டார்ட் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊசி போட்டதும் டிஸ்சார்ஜ் பண்ணாதீர்கள். ஐடிஐஎல் படித்து சர்டிஃபிகேட் வாங்காத மேனேஜர் உண்டா? இன்சிடென்ட் வேறு, பிராப்ளம் வேறு என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறதே. சர்வீஸை எழுப்புவது முதலாவது, காரணத்தைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. நாம் முதலாவதற்கு ஸ்டார் ஆஃப் த மன்த் கொடுக்கிறோம். இரண்டாவதைச் செய்கிறவனை 'இவன் ஸ்லோ' என்று அப்ரைசலில் எழுதுகிறோம்.

என் கோபம் எல்1-இல் உட்கார்ந்திருக்கும் பையன் மீது இல்லை. திருநெல்வேலியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வந்து ஆறு மாதம் ஆன தம்பிக்கு சீனியர் சொன்னதுதான் வேதம். அவனை மணிக்கு இத்தனை டிக்கெட் என்று அளக்கிறவர்கள் மீதுதான் கோபம். நாளைக்கு டேட்டா வெளியே போனால் யார் கை காட்டப்படுவான்? 777 போட்ட கமாண்டில் அந்தத் தம்பியின் லாகின்தான் இருக்கும். போடச் சொன்னது போனில்தானே! 2023-இல் நிறைவேறிய டேட்டா பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட வழி வைத்திருக்கிறது. அப்படி ஒரு நாள் வந்தால் பழி மேலிருந்து கீழே எவ்வளவு வேகமாக இறங்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் மூன்றே மூன்று வேண்டுகோள்:

1. 777, ஃபயர்வால் ஆஃப் ரெண்டும் போனில் சொன்னால் செய்யாதீர்கள். "மெயில் அனுப்புங்க சார், உடனே செய்றேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பாதி சார்கள் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள்.

2. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் லாகைக் காப்பி எடுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். ரீஸ்டார்ட் நோயோடு தடயத்தையும் துடைத்துவிடும்.

3. ஒரே பிரச்சினை இரண்டாவது தடவை வந்தால் அது பழைய டிக்கெட்டின் பாக்கி. புதுசாக நினைத்து மூடாதீர்கள். தேதிகளை வரிசையாக எழுதுங்கள்.

சீனியர்களுக்கு ஒன்றே ஒன்று: காரணத்தைக் கண்டுபிடித்தவனுக்கும் ஒரு தடவை அந்த ஸ்டாரைக் கொடுத்துப் பாருங்கள். செலவு ஒன்றும் அதிகமில்லை, காகிதம்தானே :-)