3.5 லட்சத்துக்குப் பழைய கார்... கூடவே வரும் ரிப்பேர் பில் எவ்வளவு?

‘2016 மாடல், பெட்ரோல், சிங்கிள் ஓனர், 70,000 கி.மீ., விலை 3.5 லட்சம்.’ பழைய கார் விற்கும் ஆப்களில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் ‘பட்ஜெட்டுக்குள்ள வருதே’ என்று தோன்றும். ஆனால், அந்த வயதுடைய சிறிய காரின் உண்மையான விலை அதுவல்ல. முதல் ஆறு மாதங்களில் மெக்கானிக்கிடம் கொடுக்கப்போகும் பணத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

ஏன் இப்போது இந்தக் கணக்கு முக்கியம்?

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. செஸ் வரியும் நீங்கியது. அப்போது ஆல்டோ கே10 காரின் ஆரம்ப ஷோரூம் விலை ரூ.3,69,900 என அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 12 சதவீத சாலை வரியையும் காப்பீட்டையும் சேர்த்தால் நான்கு லட்சத்தைத் தாண்டும். அதாவது, பழைய காருக்கும் புதிய காருக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிட்டது.

எங்கெல்லாம் செலவு வைக்கும்?

கீழே உள்ளவை தோராயத் தொகைகள்தான். ஊர், மாடல், உதிரிபாகத்தின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

கிளட்ச்: நகர நெரிசலில் ஓடிய காரில் முதலில் தேய்வது இதுதான். மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் முடியும் நிலையில் இருக்கிறது. மாற்றுக்கூலியுடன் ரூ.8,000 முதல் 15,000 வரை ஆகலாம். ஏஎம்டி காரில் ஆக்சுவேட்டரும் பழுதானால் செலவு பல மடங்காகும்.

சஸ்பென்ஷன்: வேகத்தடையில் ‘கட கட’ சத்தம் வந்தால் புஷ், லிங்க் ராடு தேய்ந்திருக்கலாம். இவை மட்டும் என்றால் சில ஆயிரங்களில் முடியும். ஷாக் அப்சார்பரும் போயிருந்தால் ரூ.10,000-ஐத் தாண்டும்.

ஏசி: “கேஸ் போட்டா போதும் சார்” என்று விற்பவர் சொன்னால் உஷாராக வேண்டும். ஏசி கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. அது குறைந்தால் பெரும்பாலும் எங்கோ கசிவு இருக்கிறது. கம்ப்ரஸர் மாற்ற வேண்டியிருந்தால் ரூ.15,000 முதல் 25,000 வரை ஆகும்.

எஞ்சின் சூடேறுதல்: கூலன்ட் டேங்க்கில் எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். ‘2319’ என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும். நான்கும் மாற்ற ரூ.16,000-க்கு மேல் ஆகும்.

இ20 பெட்ரோல்: பழைய கார்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே கூறியுள்ளது. செலவு பெரிதல்ல. ஆனால் எரிபொருள் குழாயில் கசிவு இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது அவசியம்.

வெள்ளத்தில் நின்ற காரா?

சென்னையில் 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்தால் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயரிங், இசியூ கோளாறுகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேட்டு வாங்குவது கட்டாயம்.

கூட்டிப் பார்த்தால்...

விளம்பரத்தில் வந்த அதே காருக்கு டயர் 18,000, கிளட்ச் 12,000, சஸ்பென்ஷன் 10,000, பேட்டரி 5,000, ஆயில்-ஃபில்டர்-பிரேக் பேடு 7,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ரூ.52,000. கார் விலை 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெயர் மாற்றம், காப்பீடு தனி.

அதற்காகப் பழைய காரே வேண்டாம் என்பதில்லை. அதே பணத்துக்குப் புதிய காரைவிடப் பெரிய கார் கிடைக்கிறது. முதல் சில ஆண்டுகளின் மதிப்பிழப்பை முந்தைய ஓனரே சுமந்துவிட்டார். நம்பகமான மெக்கானிக்கைக் கையோடு அழைத்துச் சென்று, ரிப்பேர் பட்டியல் போட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேரம் பேசினால் லாபம்தான். “மெக்கானிக்கெல்லாம் வேணாம், வண்டி பக்கா” என்று விற்பவர் தடுத்தால், அடுத்த விளம்பரத்தைப் பார்க்கப் போய்விடலாம்.