பார்க்காமல் எழுதுற மருந்துத் துண்டு

சலக்கடுப்பு எண்டால் எங்கட வீடுகளில முதல் வைத்தியம் இளநீர். அதுக்குப் பிறகு பார்லித் தண்ணி. அதுவும் சரிவராட்டி பார்மசியில கேட்டு வாங்கிற அன்ரிபயோட்டிக். என்ர மாமி ஒராள் ஒன்றரை வருசமா இந்த மூண்டையும் செய்தவ. இடையில நாலு தரம் டொக்டரிட்டயும் போனவ. நாலு தரமும் சலப் பரிசோதனை, நாலு தரமும் குளிசை. ஒருத்தரும் அவவைக் கட்டிலில படுக்கவைச்சுப் பார்க்கேல்லை. “கழுவேக்க ஒரு கட்டி கையில படுது” எண்டு மாமியும் வாய் திறக்கேல்லை.

ஐந்தாம் தரம் பார்த்த பெண் டொக்டர்தான் சோதிச்சுப் பார்த்தவ. சலம் போற வாசலில சின்னக் கட்டி ஒண்டு இருந்திருக்கு.

அது புற்றுநோய் இல்லை, லியோமயோமா. கர்ப்பப்பையில் வருகிற ஃபைப்ரோயிட்டைப் போலவே மழமழப்பான தசையிலிருந்து வளர்கிற கட்டி. பெண்களின் சிறுநீர்வழியில் இது வருவது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதே இடத்தில் கூடுதலாக வருவது கரங்கிள் என்கிற சிவந்த சதை வளர்ச்சி.

பெண்களின் சிறுநீர்வழி ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளம்தான். அதில ஒரு கட்டி வந்தால் எரிவு, திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, சலம் தடைப்படுதல், உடலுறவின்போது வலி எல்லாம் வரலாம். சலப் பரிசோதனையில் கிருமி தெரியும், கட்டி தெரியாது. குளிசை குடிக்கக் குறையும், பிறகு திரும்ப வரும்.

கண்டுபிடிப்பதில் முதல் படி கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிப்பது. கட்டியா, சுவரில் புடைத்த பையா என்று பிரிக்க ஸ்கான், எம்.ஆர்.ஐ உதவும். உள்ளே கமரா விட்டும் பார்ப்பார்கள். ஆனால் சாதாரணக் கட்டி மாதிரித் தெரிகிற சிலது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். அதனால் வெட்டி எடுத்த சதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் உறுதிசெய்ய வேண்டும். லியோமயோமாவை ஒப்பரேசன் செய்து எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வராது. சின்னக் கரங்கிளுக்கு ஈஸ்ட்ரஜன் கிரீமே பல நேரம் காணும்.

“இவ்வளவு அரிதான வருத்தத்தைப் பற்றி ஏன் கதைக்கவேணும்?” எண்டு கேக்கலாம். வருத்தம்தான் அரிது. அதை ஒன்றரை வருசம் மறைச்சு வைச்ச வெட்கமும் அவசரமும் அரிதில்லை. சனம் நிறைஞ்ச ஓ.பி.டியில் திரைச்சீலை கூட இல்லாமல், பக்கத்தில ஒரு தாதியும் நிக்காமல், எந்தப் பெண் காட்டச் சம்மதிப்பா? எம்.ஓ.எச் பணிமனைகளில வெல் வுமன் கிளினிக் இருக்கு, நல்ல விசயம். ஆனால் அது முக்கியமா அழைக்கிறது 35 வயதைத் தாண்டின ஆக்களை. கலியாணம் கட்டாத 22 வயதுப் பிள்ளை அங்க போனால், வருத்தத்தைக் கேக்க முதல் “கலியாணம் முடிச்சாச்சோ?” எண்ட கேள்வி வரும் எண்ட பயம் அவளுக்கு இருக்கு.

மறைப்பான இடமும் கூட நிக்க ஒரு பெண் ஊழியரும் எங்கட உரிமை. அதைக் கேட்டு வாங்குவம். அதோட, ரெண்டாம் தரமும் அதே குளிசையை எழுதினால், “டொக்டர், ஒருக்கா பார்த்திட்டு எழுதுங்கோ” எண்டு சொல்லுங்கோ. அம்மாவுக்கும் மாமிக்கும் இதைச் சொல்லிக் குடுங்கோ.