ஸ்லைட்டுக்குப் பின்னால் ஒளியாதீர்கள்

லைட்டை ஓஃப் பண்ணுவார்கள். திரை நிறைய எழுத்து வரும். முன்னால் நிற்பவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். கெம்பஸ் அசைன்மென்ட், இளைஞர் கழகக் கூட்டம், பாடசாலை விஞ்ஞான தினம் எல்லாவற்றிலும் இதே காட்சிதான்.

நானும் அப்படி வாசித்தவன்தான். முதல் வருஷத்தில் பத்து நிமிஷ ப்ரசன்டேஷனுக்கு 32 ஸ்லைட் கொண்டு போனேன். பதினோராவதில் நேரம் முடிந்துவிட்டது. நான் தேடிக் கண்டுபிடித்த விஷயம் இருந்ததோ 29ஆவதில். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். தமிழ் மீடியத்தில் ஏஎல் செய்துவிட்டு வந்த பலருக்கு, எழும்பி நின்று ஆங்கிலத்தில் கதைப்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறந்து போனால்? பிழையாகச் சொன்னால்? அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்லைட்டில் ஏற்றிவிடுகிறோம். அது நாம் பார்த்து வாசிக்க எழுதிய குறிப்பு. கேட்பவருக்காகச் செய்தது அல்ல.

நிறைய எழுதினால் பாதுகாப்பு என்றுதான் நினைக்கிறோம். 2003 ஜனவரி 16ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டு 82 செக்கனில், எரிபொருள் தாங்கியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, பொறியியலாளர்கள் ஆபத்தைக் கணித்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைட்களாகக் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு நிம்மதி தருவதாக இருந்தது. அடியில், சின்ன எழுத்தில்தான் முக்கியமான விஷயம் கிடந்தது: முன்பு பரிசோதித்த துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதோ கிட்டத்தட்ட 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

விபத்துக்கு அந்த ஸ்லைட் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அதைத் தனியாக எடுத்துக் காட்டியது. அதை வாசிக்கும் ஓர் அதிகாரிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றே விளங்காமல் போகலாம் என்றது. உண்மை ஸ்லைட்டில் இருந்தது, ஆனால் கண்ணில் படவில்லை.

“ஸ்லைட்டில் எழுதினால்தானே பிறகு படிக்கலாம்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதற்கு இரண்டு பக்கக் குறிப்பு அச்சடித்துக் கையில் கொடுங்கள். திரையில் வாசிக்கவும் வேண்டும், நீங்கள் சொல்வதைக் கேட்கவும் வேண்டும் என்றால் ஆளுக்கு இரண்டும் ஏலாது.

நான் இப்போது செய்வது இதுதான். ஒவ்வொரு ஸ்லைட்டின் தலைப்பையும் முழு வசனமாக எழுதுவேன். ‘நீர் மாசு’ என்று போட்டால் ஒன்றும் தெரியாது. ‘மழை நாட்களில் எங்கள் கிணற்று நீர் குடிக்க ஏலாது’ என்று போட்டால் விஷயம் வந்துவிட்டது. கீழே ஒரு படமோ வரைபோ போதும். கடைசி வாங்கில் இருந்து பார்த்து எழுத்து தெரியாவிட்டால் பெரிசாக்குவேன், இல்லையென்றால் வெட்டிவிடுவேன். கதைக்கும்போது எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டுமென்றால், பவர்பொயின்டில் B எழுத்தை அழுத்துவேன், திரை கறுப்பாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முதல், லெப்டொப்பைத் திறக்காமல் ஒன்று செய்யுங்கள். கெலிஓயாவில் பஸ் ஏறி பேராதனையில் இறங்குவதற்குள், பக்கத்து சீட் நண்பனுக்கு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அவன் எங்கே முழிக்கிறானோ, அங்கேதான் ஸ்லைட் தேவை. தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்ததை உடைந்த ஆங்கிலத்திலும் சொல்லிவிடலாம். தமிழிலேயே சொல்லத் தெரியாததை எந்த டெம்ப்ளேட்டும் காப்பாற்றாது.

2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்கள் ஞாபகம் இருக்கும். உங்கள் ப்ரசன்டேஷன் நடுவில் அப்படி நின்று போனால் உங்களிடம் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்குமா? இருந்தால் தயாராகிவிட்டீர்கள்.