சாணை பிடித்தால் சரித்திரம் போச்சு!

தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த மடக்குக் கத்தி ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைக்கிறது. பேரன் என்ன செய்வான்? சோமனூரில் பட்டறைக்கா பஞ்சம்? நேராகப் போய்ச் சாணைச் சக்கரத்தில் வைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, போட்டோ எடுத்துப் போடுவான். கீழே நாலு பேர் "சூப்பர் மாப்ள!" என்பார்கள். அங்கே நடந்தது புதுப்பித்தல் இல்லை, சாட்சியைக் கலைத்தல்.

அந்தக் கத்தி என்ன சாமான் என்று பார்ப்போம். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் இருந்தது அது. முனை மழுங்கிய ஒரு அலகு, தகர டப்பா திறக்க ஒன்று, கயிற்று முடிச்சை நெம்பி அவிழ்க்க ஒரு கூர்கம்பி. (முடிச்சோடு மல்லுக்கட்டும் தறிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்!) அலகின் அடியில் செய்தவர் பெயர், வருடம், அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி. இந்திய அரசின் சொத்து என்றால் அம்போடு 'ஐ' என்ற ஆங்கில எழுத்து. அதுதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். ஆழமோ கொஞ்சம்தான், சக்கரத்தில் நாலு இழுப்பு, காலி.

இன்னொரு கொடுமையும் உண்டு. உலர்ந்த சக்கரத்தில் அழுத்தினால் இரும்பு சூடேறி ஓரம் நீலம் பாய்கிறதே, அழகாக இருக்கிறது என்று நினைப்பார்கள். சுமார் 300 டிகிரி சூடு பட்ட அடையாளம் அது. பதம் இறங்கிவிட்டது. இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. ஆக, சரித்திரமும் போச்சு, கத்தியும் போச்சு.

யூடியூபில் "துருவிலிருந்து கண்ணாடிக்கு" வீடியோ போடுபவர்களைத்தான் முதலில் உதைக்க வேண்டும். சிவப்புத் துரு இரும்பைத் தின்னும், அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பல வருடம் கைபட்டு, எண்ணெய் பட்டு ஏறிய கருமை வேறு. அது கத்திக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. இரண்டையும் சேர்த்து வழிப்பது குளிப்பாட்டச் சொன்னால் தோலை உரிப்பது மாதிரி.

"ஓடாத கத்தி எதுக்குங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டத்தான் வேண்டுமென்றால் திருப்பாச்சேத்தி அரிவாள் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமே!

சரி, கணக்காகவே பார்ப்போம். சேகரிப்பவர் கத்தியைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது முத்திரையை. பழசு போலச் செய்த போலிகள் மலிந்த சந்தையில், முத்திரை அழிந்த அசலுக்கும் போலிக்கும் என்ன வித்தியாசம் காட்டுவது? 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் நூறு வருடம் ஆன, சரித்திர மதிப்புள்ள பொருளைத் தொல்பொருள் என்கிறது. 1917 என்று அடித்த கத்தி அந்த வயதைத் தாண்டியாச்சு. வருடத்தையே தேய்த்துவிட்டால் அதன் வயதை எதை வைத்து நிரூபிப்பது?

இத்தனைக்கும் வேண்டிய மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தறிக்கு விடும் மெல்லிய எண்ணெயில் இரண்டு சொட்டு மடிப்பில் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, பித்தளைத் துண்டால் சிவப்புத் துருவை மட்டும் மெல்லச் சுரண்டி, வேஸ்ட் துணியால் துடைத்து வைத்தால் போதும். வேஸ்ட் துணிக்குமா சோமனூரில் பஞ்சம்?