மீன் பெட்டியும் விமான இறக்கையும்

விமானத்தின் சிறு மாதிரியொன்றைத் தம் கையாலேயே செய்து பறக்கவிட வேண்டுமென்னும் ஆசை நம் மாணாக்கரிற் பலர்க்கு உண்டு. ஆயினும் அவ்வாசை பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தில் வரைந்த படத்தோடு நின்றுவிடுகின்றது. காரணம் யாதென வினவினால், "இறக்கைக்கு ஏற்ற நுரைப்பலகை இப்பக்கத்திற் கிடைப்பதில்லை, தொலைவிலிருந்து தருவிக்க வேண்டும், விலையும் மிகுதி" என்பர். ஓராண்டுக்கு முன் யாமும் இவ்வாறே கூறித் திரிந்தோம். இன்றோ எம் கருத்து வேறு. பொருள் கிடையாமையன்று, காலடியிற் கிடக்கும் பொருளை மதியாமையே நம் குறையாகும்.

இறக்கைக்கு வேண்டுவன மூன்று: கனமின்மை, வளையாத விறைப்பு, விரும்பிய வடிவில் அறுக்க இடங்கொடுத்தல். 1 மீட்டர் நீளமும், 20 சென்டிமீட்டர் அகலமும், தடித்த இடத்தில் 2.4 சென்டிமீட்டர் கனமும் உள்ள இறக்கையின் பரிமாணம் ஏறத்தாழ 3,250 கன சென்டிமீட்டர் ஆகும். கன மீட்டருக்கு 160 கிலோகிராம் நிறையுள்ள பால்சா மரத்தால் அதனை முழுக்கட்டையாகச் செய்தால் 520 கிராம் நிற்கும். ஆதலாலேயே பால்சாவைக் கையாள்வோர் அதனை மெல்லிய விலாச்சட்டங்களாக அறுத்துக் கோக்கின்றனர். கன மீட்டருக்கு 20 கிலோகிராம் நிறையுள்ள தெர்மாகோலாற் செய்தாலோ 65 கிராமே ஆகும். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியாற் பொரியச் செய்து, அச்சில் ஒன்றோடொன்று ஒட்டவைத்த பொருளே தெர்மாகோல். அதன் பரிமாணத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றேயன்றி வேறன்று.

இவ்வுண்மையை யாம் அறிந்த வழி நகைப்புக்குரியது. மேடை அலங்காரத்திற்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் வாங்கும் தாளைக் கொண்டு முதலிறக்கை செய்தோம். அது விரல் பட்ட இடமெல்லாம் அரிசிபோல் உதிர்ந்தது. இரண்டாவதைத் தோல் செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டினோம். எம் கண்முன்னரே அது குழிந்து உருகிற்று. அப்பசையிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் என்பதை இரசாயனப் பாடத்திற் படித்திருந்தும் நினைந்திலோம்.

எம்முள் ஒருவர் கடியப்பட்டணத்தார். வள்ளியாறு கடலொடு கலக்கும் அவ்வூரில், மீனைப் பனிக்கட்டியோடு அடைத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் ஏராளம் என்பதை அவர் முதல்நாளே அறிவார். எனினும் வாய் திறந்திலர். மூன்றாம் இறக்கையும் ஒடிந்தபின்னரே, "கொண்டுவந்தால் மீன் நாற்றம் என்று சிரிப்பீர்களோ என்று அஞ்சினேன்" என்றார். யாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவ்வூர்க் கடற்கரைக்குச் சென்றோம். மூலை சிதைந்து எறியப்பட்ட பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கையில், முன்னாளிற் கட்டுமரம் கட்டிய முதியவர் ஒருவர் எம்மருகே வந்து அமர்ந்தார். எங்கள் நோக்கத்தைக் கேட்டு, ஒரு துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "மக்களே, கனம் குறைவாண்ணு மட்டும் பாத்தா போதாது. அமுக்குனா திரும்பி வருதா, ஒடிச்சா பொடியுதா, அதையும் பாக்கணும்" என்றார். "பாட்டா, மரத்துக்கும் இப்படித்தானா?" என்றோம். மரம் நீர் குடித்துக் கனத்துவிடும் ஆதலால், கரையேறியதும் கட்டையவிழ்த்து உலர்த்துவது வழக்கமென்றும், இலேசான மரத்தைத் தட்டிய ஓசையாலேயே தெரிவர் என்றும் விளக்கினார். பொருளறிவு என்னும் பாடத்தை அன்று மணலில் இருந்து கற்றோம்.

மீன் பெட்டியின் சுவர் அலங்காரத் தாளினும் நெருக்கமும் உறுதியும் உடையது. சோப்பு நீரிற் கழுவி நிழலில் உலர்த்தினால் நாற்றம் பெரிதும் நீங்கும். இறக்கையின் பக்கவாட்டு உருவில் வெட்டிய இரு தகடுகளைப் பலகையின் இரு முனைகளிலும் பொருத்தி, சூடேறிய நிக்ரோம் கம்பியை அவற்றின்மேல் ஒருசீராக நகர்த்தினால் இறக்கை உருவாகும். கம்பிக்குக் குறைந்த அழுத்த மின்கலமே தகும். வீட்டு மின்சாரத்தை நேரே இணைத்தல் உயிர்க்கு இறுதி. புகையைச் சுவாசியாதபடி திறந்தவெளியிற் செய்தல் வேண்டும். சிறு பலகைகளை வெண்பசையால் இணைத்து, நீளவாட்டில் மூங்கிற் பிளாச்சு பதித்து, நீர் கலந்த அதே பசையாற் பழுப்புக் காகிதத்தை இருபுறமும் ஒருங்கே போர்த்துக. ஒருபுறம் மட்டும் போர்த்தினால் காகிதம் உலரும்போது இறக்கை முறுகிவிடும்.

"இது குப்பைவேலை, பால்சாவே மெய்யான கலை" என்பாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். 1940 நவம்பர் 25 அன்று முதன்முறை பறந்த மாஸ்கிட்டோ என்னும் ஆங்கில விமானத்தின் உடல், இரு மெல்லிய ஒட்டுப்பலகைகளின் நடுவே இலேசான பால்சாவை வைத்து ஒட்டப்பட்டதாகும். மெல்லிய வன்தோல், இலேசான உள்ளீடு என்னும் அவ்விதியே எம் காகிதத்திலும் நுரையிலும் உள்ளது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ராக்கெட் எழுந்த தும்பாவும் ஒரு மீனவர் சிற்றூரே. அங்கிருந்த தேவாலயமே அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் சைக்கிளிற் சென்றன. எளிய இடத்தையும் எளிய கருவியையும் கண்டு அவர்கள் நாணினாரல்லர்.

எனினும் ஓர் எச்சரிக்கை. கடலிற் சேர்ந்த தெர்மாகோல் மட்காது. மணி மணியாய் உதிர்ந்து மீனின் வாயிற் புகும். தட்டு, குவளைகளைத் தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடுத்தும், பெட்டிகள் கரையொதுங்குவது நின்றபாடில்லை. ஆகவே பெட்டியை எடுத்து வருவோர், அறுத்த துகளைப் பையிற் கட்டித் திருப்பித் தரக் கடமைப்பட்டவராவர். எரித்தலும் ஆகாது. கரையிலிருந்து எடுத்ததைத் துகளாக்கிக் கடலுக்கே அனுப்புவது நன்றிக்கேடு.

கல்லூரி முதல்வரையும் ஆசிரியர்களையும் யாம் வேண்டுவன இரண்டே. பௌதிகச் சாலையின் புறத்தே, காற்றோட்டமுள்ள இடத்தில், வெப்பக்கம்பி மேசையொன்று அமைத்தருள்க. ஆண்டுக்கொருமுறை மரம் கட்டிய முதியோர் ஒருவரை அழைத்து, அவர் பேச நாம் கேட்கச் செய்க. முன்னதற்குச் சிறுதொகை போதும். பின்னதற்கு மனம் போதும்.

எம் நான்காம் இறக்கை சென்ற திங்களிற் பறந்தது. நெடுநேரமன்று, ஒரு தென்னையைத் தாண்டி மணலில் இறங்கிற்று. அதனை எடுக்க முதலில் ஓடியவர் கடியப்பட்டணத்துத் தோழரே. இறக்கையின் அடியில் காகிதம் போர்த்தாது யாம் விட்டிருந்த இடத்தில், பெட்டியிலிருந்த மீன் வியாபாரியின் மை அடையாளம் இன்னும் தெரிந்தது. அதனை மறைக்க வேண்டாமென்று அவரே கூறினார்.