யுத்தம் முடிந்த பிறகு

யுத்த காலத்தில் சர்க்கார் நம் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதிலும் டெலிபோனை ஒட்டுக் கேட்பதிலும் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். கேட்டவர் அரசியல்வாதி அல்ல, கவிஞர். இரண்டு தொகுதிகள் போட்டிருக்கிறார். இரண்டிலும் 'அந்தரங்கம்' என்ற சொல் குறைந்தது இருபது இடங்களிலாவது வருகிறது. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது தொடங்கிய வாதம் இது. பீரங்கிகள் ஓய்ந்துவிட்டன, இவர் ஓயவில்லை. தேசம் ஆபத்தில் இருக்கும்போது தனிமனித உரிமை பேசுவது சொகுசு, ஆபத்து நீங்கினால் அந்த அதிகாரமும் தானாக நீங்கிவிடும், மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு இதில் நஷ்டமே இல்லை என்பது அவருடைய கட்சி. நம் சிறிய வட்டத்தில் பலருக்கும் இதே அபிப்பிராயம் இருப்பதாகத் தெரிவதால் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஆர்வெல்லை இழுக்கப் போவதில்லை. அவரைப் படிக்காதவர்களும் மேற்கோள் காட்டும் கதிக்கு அவர் வந்தாயிற்று. நம் ஊர்க் கணக்கே போதும்.

'தானாக நீங்கிவிடும்' என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் இதன் முதுகில்தான் சவாரி செய்கின்றன. சீன யுத்தத்துக்காக 1962 அக்டோபர் 26ல் அவசரநிலை பிரகடனமாயிற்று. நவம்பர் 21ல் சீனா சண்டையை நிறுத்திவிட்டது. அவசரநிலை எப்போது விலகியது? 1968 ஜனவரி 10ல். ஒரு மாதச் சண்டைக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் அவசரம். இடையில் 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தது எந்தச் சட்டத்தின்கீழ்? இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ். சீனாக்காரனுக்கென்று செய்த பூட்டு தமிழ் படித்த பையன்களின் ஊரில் தொங்கியது. அடுத்தது 1971. டிசம்பர் 3ல் பிரகடனம், பதின்மூன்று நாளில் டாக்காவில் சரணாகதி, அவசரநிலையோ 1977 மார்ச் வரை. அது உயிரோடு இருக்கும்போதே 1975 ஜூன் 25ல் அதன்மேல் இன்னொன்று. ஒரு குடையின்மேல் இன்னொரு குடை பிடித்தவர்களை உலக சரித்திரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு திருத்தப்பட்டது 1972ல், அந்த முதல் குடையின் நிழலில். வெள்ளைக்காரன் 1885ல் போட்ட சட்டம் அது. ஒட்டுக் கேட்பதற்கான காரணங்களை அந்தத் திருத்தம் வரையறுத்தது என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் காரணம் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார் என்ற இடத்தில், கேட்க விரும்புகிற சர்க்காரே உட்கார்ந்திருந்தது. யுத்தம் போயிற்று, அவசரநிலை போயிற்று, தந்தியே 2013ல் போய்விட்டது. பிரிவு மட்டும் 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் புது எண்ணோடு குடியேறிக்கொண்டது.

இலங்கையில் 1979ல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மூன்று வருஷத்துக்கு என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். 1982ல் நிரந்தரமாக்கினார்கள். அதன்கீழ் உள்ளே போன தமிழர்களின் கதையை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் பாரதியே இருக்கிறார். புதுச்சேரியில் இருந்த பத்து வருஷமும் அவர் வீட்டைச் சுற்றி ஒற்றர்கள். முதல் உலக யுத்தம் 1918 நவம்பர் 11ல் முடிந்தது. நவம்பர் 20ல், பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும், கடலூர் அருகே அவரைக் கைது செய்தார்கள். நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் தலைநகரில், யுத்தம் முடிந்து ஒன்பதாம் நாள். யுத்த காலத்துக்கும் அதற்குமேல் ஆறு மாதத்துக்கும் என்று 1915ல் போட்ட பாதுகாப்புச் சட்டம் காலாவதியாகப் போகிறதே என்ற கவலையில்தான் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. அடுத்த மாதம் ஜாலியன்வாலாபாக். பாரதி நூற்றாண்டையும் நினைவு நூற்றாண்டையும் விழா எடுத்துக் கொண்டாடியாயிற்று. அவர் தபாலைப் பிரித்த கையைப் பற்றி மட்டும் நம்மவர்களுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது.

உரிமை என்பது யுத்த காலச் சொகுசு என்கிறாரே, அதற்கும் ஒரு தேதி சொல்கிறேன். 1962 டிசம்பர் 18. சண்டை நின்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவசரநிலை அமலில் இருக்கிறது. அன்று உச்ச நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகள் கரக் சிங் என்ற உத்தரப் பிரதேசத்துக்காரரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். 1941ல் ஒரு கொள்ளை வழக்கில் சாட்சியமில்லை என்று விடப்பட்டவர் அவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஒரு ரிக்கார்டு திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி வேளைகளில் வந்து கதவைத் தட்டிக் கொண்டிருந்தது. தட்டக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. மறைந்து நின்று பின்தொடர்வதில் தவறில்லை என்று பெரும்பான்மை விட்டுவிட்டது வேறு விஷயம். நீதிபதி சுப்பா ராவும் ஷாவும் அதையும் ஏற்கவில்லை. ஒளிந்திருந்து ஒருவனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் நடமாட்டம் சுதந்திரமானதாக எப்படி இருக்கும் என்பது சுப்பா ராவின் வாதத்தின் சாரம். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது, ஐம்பத்தைந்து வருஷம் காத்திருந்த அந்தச் சிறுபான்மைத் தீர்ப்புக்குத்தான் நியாயம் கிடைத்தது. எல்லையில் பிணங்கள் எடுக்கப்பட்ட மாதத்திலேயே நீதிபதிகளுக்கு ஒரு சாதாரணனின் கதவைப் பற்றி யோசிக்க முடிந்திருக்கிறது. கவிஞருக்கு முடியவில்லை.

ஒற்றனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிரியின் நடமாட்டத்தை அறியாத ராணுவம் ராணுவமல்ல. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார் என்று நண்பர் வெற்றிக் களிப்போடு எழுதுகிறார். வைத்திருக்கிறார்தான். படித்துப் பார்க்கலாமே. யாரையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவர் முதலில் வைப்பது அரசனுக்காக வேலை பார்ப்பவர்களை; அதன்பின் சுற்றத்தாரை; எதிரி மூன்றாவது. ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனைக்கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவனை ஒருவன் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார். அதாவது, ஒற்றின் மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. முடியாட்சியில் உட்கார்ந்துகொண்டு வள்ளுவர் கேட்ட சரிபார்ப்பைக்கூடக் குடியாட்சியில் இருக்கும் நம் நண்பர் கேட்கத் துணியவில்லை.

இங்கே சரிபார்ப்பு எப்படி நடக்கிறது? 1996ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில், ஒட்டுக் கேட்குமுன் நீதிபதியின் அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதற்குச் சம்மதிக்கவில்லை. உள்துறைச் செயலாளர் உத்தரவிடலாம், செயலாளர்களைக் கொண்ட ஒரு குழு அதை மறுஆய்வு செய்யட்டும் என்றது. 2007ல் வந்த விதியும், அதற்குப் பதிலாக 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இதே பாதையில்தான் போகின்றன. உத்தரவிடுபவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர், சரிபார்ப்பவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர். நான் பாங்க் குமாஸ்தா. எங்கள் கிளையில் ஐந்நூறு ரூபாய் வவுச்சரானாலும் பதிகிறவரே பாஸ் செய்ய முடியாது. அதன்பின் ஆடிட்டர் வருவார், அவர் வெளியிலிருந்து வருவார். இந்தத் தேசத்தின் ரகசியக் காதுக்கு எங்கள் டீச் செலவு வவுச்சருக்கு இருக்கும் கட்டுப்பாடுகூடக் கிடையாது.

கணக்கு இன்னும் வேடிக்கையானது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018ல் கொடுத்த அறிக்கையில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரை உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஒரு உத்தரவுக்கு ஒரு நிமிஷம். 15,000 நிமிஷம் என்றால் 250 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, டிபனுக்கு எழாமல் உட்கார்ந்தால் முப்பத்தோரு நாளுக்கு மேல் ஆகும். காபினட் செயலாளர் அப்படி உட்கார்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒரு நிமிஷத்தில் ஒரு மனிதனின் பேச்சைக் கேட்கலாமா கூடாதா என்று முடிவு செய்வதை மறுஆய்வு என்று எந்த பாஷையில் சொல்வார்கள்? எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பது. அதற்கு மெமோ உண்டு.

சரி, இத்தனை காதும் கண்ணும் வைத்திருக்கும் சர்க்கார் எதையாவது பார்க்கிறதா? 2024 ஜூனில் எங்கள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காட்டுக்குள் அல்ல, நகரத்தின் நடுவில், போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் பக்கத்தில். அந்தச் சாராயத்தின் வாசனை தெருவில் போகிறவனுக்கெல்லாம் தெரிந்திருந்தது. கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள். அரசனின் ஆட்களை முதலில் ஆராயச் சொன்னாரே வள்ளுவர், அது இங்கேதான் பொருந்தும். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நண்பர் அடுத்த இதழில் பிடித்துக்கொள்வார்: கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் பிடி விலகியது 1976ல், அவசரநிலையின்போதுதான். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு யார் கடிதத்தையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. ஜாகீர்தார் யார் என்பது மலைக்கே தெரியும்.

கடைசியாக, மறைக்க ஒன்றுமில்லாதவனின் விஷயம். இப்படி ஒருவனை நான் கவுண்ட்டரில் இதுவரை சந்தித்ததில்லை. மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் பெண்கள் பாஸ்புக்கோடு வருவார்கள், மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்க. ஏறிவிட்டது என்றதும் ஒரு அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அந்தாளு வந்து கேட்டா இன்னும் ஏறலைன்னு சொல்லிடுங்க சார்." அந்த ஆயிரம் ரூபாய் தேசத் துரோகம் அல்ல. குழந்தையின் நோட்டுப் புத்தகமாகவோ அரிசியாகவோ ஆகப் போகிற பணம். அது சாராயக் கடைக்குப் போகாமலிருக்க ஒரு ரகசியம் தேவைப்படுகிறது. மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடியவன், தன்னைக் கேள்வி கேட்க மேலே யாரும் இல்லாதவன் மட்டுமே. பாங்கில் கொடுத்துவைத்த காகிதத்தின் மேலும் வாடிக்கையாளருக்கு அந்தரங்க உரிமை உண்டு, கலெக்டர் யாரை வேண்டுமானாலும் அனுப்பி அலமாரியைத் துழாவ முடியாது என்று 2004ல் உச்ச நீதிமன்றம் கனரா பாங்க் வழக்கில் சொன்னபோது, அந்த நீதிபதிகள் மனதில் வைத்திருந்தது அரசியல் சாசனத்தைத்தான். ஆனாலும் எனக்கு அந்த அம்மாளின் ஞாபகம்தான் வருகிறது. நவீன கவிதை மனிதனின் உள்ளறையிலிருந்து வருகிறது என்று நாற்பது பக்கம் முன்னுரை எழுதத் தெரிந்தவர், அந்த அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று நாலு வரி எழுத மறுப்பது எனக்கு விளங்கவேயில்லை.

தபாலைப் பற்றியும் ஒன்று. 1986 இறுதியில், சர்க்கார் இஷ்டப்பட்ட கடிதத்தைப் பிரிக்க வழிசெய்யும் அஞ்சலகத் திருத்த மசோதா இரு சபைகளிலும் நிறைவேறி ஜனாதிபதி ஜெயில் சிங்கிடம் போனது. அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, பேசாமல் வைத்துக்கொண்டார். அவருக்கும் ராஜீவ் காந்திக்கும் இருந்த மனக்கசப்பு ஊரறிந்தது, எனவே அவரைத் தியாகி ஆக்க வேண்டாம். பின்னால் ஜனாதிபதியான ஆர். வெங்கட்ராமன் அதைத் திருப்பி அனுப்பினார். 2002ல் வாபஸ் ஆயிற்று. 2023 டிசம்பரில் புதிய அஞ்சலகச் சட்டம் வந்தது. அதன் 9ஆம் பிரிவு, மத்திய சர்க்கார் அதிகாரம் கொடுத்த எந்த அதிகாரியும் தபாலை இடைமறிக்கலாம், பிரிக்கலாம் என்கிறது. எந்தச் சட்டத்தை மீறினாலும் அதுவும் ஒரு காரணம். அந்த டிசம்பரில் இரு சபைகளிலுமாக 146 எம்.பி.க்கள் சஸ்பெண்டாகி வெளியே நின்றார்கள். தொலைத்தொடர்பு மசோதா 18ஆம் தேதி அறிமுகமாகி 21ஆம் தேதிக்குள் இரு சபைகளையும் கடந்தது. 24ஆம் தேதி ஜனாதிபதியின் கையெழுத்தும் விழுந்துவிட்டது. நம் சிறு பத்திரிகைகளும் தபாலில்தான் போகின்றன. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தகத் தபாலை நிறுத்தியபோது எல்லோரும் கொதித்தோம், கட்டணம் கூடிவிட்டதே என்று. பிரிவு 9 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

யுத்த காலம் என்பதுதானே நண்பரின் ஆதாரம். 1986ல் எந்த அவசரநிலையும் அமலில் இல்லை. 2023 டிசம்பரிலும் இல்லை. பிறகு எந்த யுத்தத்துக்காக இந்தச் சட்டம், எதிரி யார் என்று அவர் எழுதட்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.