செல்லாத சான்றிதழ்

2021 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் பொருள் பாதுகாப்பு விதிகளைப் புரட்டியிருந்தால், முந்தைய நாள் இருந்ததற்கும் அன்றைக்கும் சாரத்தில் வேறுபாடு தெரிந்திருக்காது. இயந்திரங்கள், பொம்மைகள், மின்சாதனங்கள், தொழிலாளர் அணியும் கவசங்கள் என எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது ஏற்ற விதிகளைத் தன் சட்டத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டுதான் அந்நாடு வெளியேறியது. பிரிட்டிஷ் தர நிறுவனமான பிஎஸ்ஐ ஐரோப்பியத் தரப்படுத்தல் அமைப்புகளில் உறுப்பினராகவே தொடர்ந்தது. ஆனால் அன்று முதல், பிரிட்டிஷ் நிறுவனங்கள் வழங்கியிருந்த இணக்கச் சான்றிதழ்கள் ஐரோப்பாவில் செல்லவில்லை. சோதித்த முறையில் யாரும் குறை சொல்லவில்லை. சான்றளிக்க அவர்களுக்கு இருந்த சட்டத் தகுதி போய்விட்டது, அவ்வளவுதான்.

ரசாயனம் கையாளும் தொழிலாளி அணியும் கையுறை ஒன்றை எடுத்துப் பாருங்கள். உயர் ஆபத்துப் பிரிவில் வருவதால், ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குவதைக் காட்டும் சிஇ குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் அச்சிட்டிருக்க வேண்டும். சான்றளிப்பு நிறுவனத்தின் எண் அது. பிஎஸ்ஐயின் எண் 0086. வெளியேற்றத்தை எதிர்பார்த்து அந்நிறுவனம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள தன் நிறுவனத்துக்கு 2797 என்ற எண்ணைப் பெற்றது. வாடிக்கையாளர்களின் சான்றிதழ்கள் அங்கே மாற்றப்பட்டன. இன்று அதே அச்சில் வார்த்த கையுறையில் ஐரோப்பாவுக்காக சிஇ 2797 என்றும், பிரிட்டனின் புதிய குறியையும் போடுவதானால் யுகேசிஏ 0086 என்றும் இரண்டு வரி நிற்கும். ஊடுருவல் சோதனை ஒன்று, கோப்பு இரண்டு, கட்டணமும் இரண்டு. அணிபவரின் விரலுக்கு இதனால் கூடுதல் பாதுகாப்பு கடுகளவும் இல்லை.

2020 டிசம்பர் 24 அன்று முடிவான வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கையைச் சுங்க வரியும் ஒதுக்கீட்டு வரம்பும் இல்லாத உடன்படிக்கை என்று கொண்டாடினார்கள். தரச் சான்றளிப்பு சார்ந்த நம் துறைக்கு வேண்டிய பகுதி அதில் இல்லை. இணக்க மதிப்பீட்டைப் பரஸ்பரம் ஏற்கும்படி பிரிட்டன் கேட்டது, ஒன்றியம் மறுத்தது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு ஒன்றியம் அத்தகைய ஒப்பந்தம் வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டியும் பயன் இல்லை. விலகிப் போன நாடு ஐரோப்பியச் சந்தைக்கான சான்றளிப்பு மையமாகத் தொடரக் கூடாது என்பதில் ஒன்றியம் உறுதியாக இருந்தது. பேரம் என்று பார்த்தால் அது புரியாத நிலைப்பாடல்ல.

பிரிட்டன் இதற்குப் பதிலாகத் தனக்கென யுகேசிஏ குறியைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி முதல் சிஇ ஏற்கப்படாது என்றார்கள். பிறகு 2023 ஜனவரி. பிறகு 2025 ஜனவரி. ஒவ்வொரு தள்ளிவைப்புக்கும் முன்பு தர மேலாளர்கள் பலர் லேபிளை மாற்றி, அச்சுத் தகட்டை மாற்றி, ஆவணத்தைத் திருத்தி முடித்திருந்தார்கள். முன்கூட்டியே ஒழுங்காகச் செய்தவர்களுக்குத்தான் இழப்பு. காலத்தை ஓட்டியவர்கள் தப்பித்தார்கள். ஒழுங்குமுறை ஆணையம் எதுவும் தொழில்துறைக்குக் கற்றுத்தரக் கூடாத பாடம் இது. கடைசியில் 2023 ஆகஸ்ட் 1 அன்று, 18 விதித் தொகுப்புகளின் கீழ் சிஇ குறி காலவரையின்றி ஏற்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் இன்னும் மூன்று சேர்ந்தன. 2024 அக்டோபர் 1 முதல் அது சட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது.

பின்வாங்கியதற்கு அரசியல் மட்டும் காரணமல்ல. சோதனைக்கூடங்களின் போதாத திறன் ஒரு முட்டுக்கட்டை. வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள், கண்ணாடி, பசைகள், அடைப்பான்கள் போன்ற கட்டுமானப் பொருள்களை மறுபடி சோதிக்க நாட்டில் போதிய வசதி இல்லை என்று கட்டுமானத் துறையினரே எச்சரித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியச் சந்தையின் பகுதியாக இருந்ததில் ஒரு நாட்டில் ஒரு சோதனை, இன்னொரு நாட்டில் வேறொன்று என வேலை பிரிந்து கிடந்தது. சட்டத்தை ஒரு கூட்டத் தொடரில் இயற்றிவிடலாம். ரேடியேட்டரின் வெப்ப வெளியீட்டை அளக்கும் அறையையும் அதை இயக்கத் தெரிந்தவர்களையும் அப்படி உருவாக்க முடியாது. இதை நம்மிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

இப்போதைய நிலை ஒருவழிப் பாதை. பிரிட்டன் சிஇ குறியை ஏற்கிறது. ஐரோப்பா யுகேசிஏ குறியை ஏற்பதில்லை. உற்பத்தியாளரின் கணக்கு எளிது. சிஇ ஒன்றை வாங்கினால் இரண்டு சந்தையும் திறக்கும். பிரிட்டிஷ் குறியைத் தேடிப் பிரிட்டிஷ் சோதனைக்கூடத்துக்குப் போக அவருக்கு என்ன அவசியம்? சொந்த விதி வகுக்கும் உரிமைக்காக வெளியேறிய நாடு, பெரும்பாலான பொருள்களுக்குப் பிறர் வகுக்கும் விதியை ஏற்கிறது. அதை வகுக்கும் மேசையில் அதற்கு இப்போது வாக்கு இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய பொருள் ஒழுங்குமுறை, அளவியல் சட்டம், ஒன்றிய விதிகளோடு ஒத்துப்போகவோ விலகவோ அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. இதுவரையான போக்கைப் பார்த்தால் முதலாவதுதான் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது.

வட அயர்லாந்தின் கதை தனி. அங்கே பொருள்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிய விதிகளே. 2024 டிசம்பர் 13 அன்று ஐரோப்பாவின் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமலானபோது, பெல்ஃபாஸ்டுக்குத் தபாலில் கைவினைப் பொருள் அனுப்பிவந்த பிரிட்டிஷ் சிறு விற்பனையாளர்களில் பலர் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்கள். சொந்த நாட்டுக்குள் பொருள் அனுப்ப, ஒன்றியத்திலோ வட அயர்லாந்திலோ பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது.

வெளியேற்றத்தால் நன்மையே இல்லை என்று எழுதினால் அது நேர்மையாகாது. இணையத்தோடு இணையும் சாதனங்களில் எளிதில் ஊகிக்கக்கூடிய தொடக்கக் கடவுச்சொல்லுக்குப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை விதித்தது. ஐரோப்பாவின் சைபர் தாங்குதிறன் சட்டம் முழுமையாக அமலாவது 2027 டிசம்பரில்தான். வேகம் கிடைத்தது உண்மை. ஆனால் மறுபக்கம், ஆபத்தான பொருள்களைப் பற்றி உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று எச்சரிக்கும் ஐரோப்பிய வலையமைப்பின் உட்பகுதியைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் இழந்தார்கள். லண்டன் தீயணைப்புப் படை மின்சைக்கிள் பேட்டரித் தீ பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்த அதே ஆண்டுகளில், அரசும் தொழில்துறையும் எந்தக் குறியை எந்தத் தேதியில் ஒட்டுவது என்று அலைந்துகொண்டிருந்தன. யுகேசிஏ எந்தப் பாதுகாப்புக் குறைபாட்டுக்கும் தீர்வாக வரவில்லை என்பதே நம் கருத்து.

இது கடல் கடந்த கதை என்று நம் வாசகர்கள் ஒதுக்க முடியாது. கோவையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பம்பின் இணக்க உறுதிமொழியில், தொழில்நுட்பக் கோப்பைத் தொகுக்கும் அதிகாரம் பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும்; அவர் ஒன்றியத்துக்குள் இருப்பவராகவும் இருக்க வேண்டும். லண்டன் முகவரி போட்டிருந்த உறுதிமொழிகள் 2021 ஜனவரியில் பிழையாகிவிட்டன. திருப்பூர் ஆடையைப் பிரிட்டிஷ் கொள்முதலாளர் வாங்கி டப்ளினுக்குத் திருப்பிவிட்டால், ஒன்றியத்தில் இறக்குமதியாளர் வேறொருவர். புதிய பொதுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி உற்பத்தியாளரின் முகவரியோடு ஒன்றியத்தில் உள்ள பொறுப்பாளரின் முகவரியும் அந்த ஆடையோடு இருக்க வேண்டும். கொள்முதலாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது தொலைபேசி நம் மேசையில்தான் ஒலிக்கும்.

2027 ஜனவரி 20 அன்று ஐரோப்பாவின் பழைய இயந்திர உத்தரவு போய், புதிய இயந்திர ஒழுங்குமுறை வருகிறது. பழைய உத்தரவின் எண்ணைச் சுமந்த உறுதிமொழிகள் அத்தனையும் மாற வேண்டும். இயந்திரம் ஏற்றுமதி செய்பவர்கள் அதற்கு முன் அவற்றை எடுத்து, சட்ட எண்ணோடு முகவரி வரியையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.